பசு நெய் தடவிய குண்டு

துப்பாக்கியைத் தொடாமலே மான் சுடுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. இவர்களைப் பார்க்க நீங்கள் காட்டுக்குப் போகவேண்டாம். காட்டில் இவர்கள் இருக்கவே மாட்டார்கள். துப்பாக்கிக் கடையில் இருப்பார்கள். அந்தக் கடைக்கு எதிரே உள்ள காபி ஹோட்டலில் இருப்பார்கள். நாட்டுத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓர் அப்பாவி துறையூர் பஸ்ஸுக்குக் காத்து நின்றால், அவனுக்கு இரண்டடி தள்ளி, தாங்களும் அதே பஸ்ஸுக்கு நிற்பதுபோல் பாவனை செய்துகொண்டு நிற்பார்கள். பஸ் வரும். அப்பாவி ஏறுவான். இவர்கள் ஏறமாட்டார்கள். ஏறுவதற்கா வந்தார்கள்?

இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் மருந்தளவு மகான். மருந்து என்றதும் கஷாயத்தையும் மாத்திரையையும் நினைத்துவிடாதீர்கள். வெடிமருந்து. நாட்டுத் துப்பாக்கிக்குத் தோட்டா கிடையாது. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, அதன்மேல் தேங்காய் நாரை உருட்டித் திணித்து, அதன்மேல் ஈயத்தைப் போட்டு, மறுபடி நாரைத் திணித்து, ஒரு நீளக் கம்பியால் இடித்துக் கெட்டிக்கவேண்டும். பின்பக்கம் தட்டினால் பொறி கக்கும் ஒரு சின்ன கேப்பு வைத்து, குதிரை என்கிற சுத்தியைத் தூக்கி, விசையை இழுத்தால் வெடிக்கும். இதில் எவ்வளவு மருந்து, எத்தனை ஈயம், எந்தத் துணி, எந்த நார் என்று ஒவ்வொன்றிலும் ஓர் அபிப்பிராயம் சொல்ல இடம் இருக்கிறது பாருங்கள், அங்கேதான் நம் மகான் பாயை விரித்துப் படுத்துக்கொள்கிறார். தோட்டாத் துப்பாக்கியிடம் அவர் போகமாட்டார். அதில் அபிப்பிராயத்தை எங்கே நுழைப்பது?

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் தர்மராஜ். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். திருச்சி பெரிய கடைவீதியில் நஜிமுதீன் பாயின் துப்பாக்கிக் கடையில் தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்காருவேன். ஆயுள் இன்ஷூரன்ஸுக்கு ஆள் பிடிக்க அதைவிடத் தோதான இடம் இந்த ஊரில் இருந்தால் சொல்லுங்கள், நாளைக்கே மாறிக்கொள்கிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் நான் பிடித்த பாலிசிகள் குறைவு. பார்த்த மகான்கள் அதிகம். அவர்களிலெல்லாம் தலை சிறந்தவர், ஸ்ரீரங்கம் சித்திரை வீதி தேசிகன்.

தேசிகன் துப்பாக்கி லைசென்ஸ் புதுப்பிக்கும் ஓர் ஆபீஸில் பதினெட்டு வருஷமாகக் குமாஸ்தா. ஜில்லாவில் யார் யாரிடம் எத்தனை துப்பாக்கி, ஒற்றைக் குழலா இரட்டைக் குழலா, கட்டை எந்த மரம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எல்லாம் காகிதத்தில் பார்த்தது. காய்கறிக் கத்தியைக்கூட அவர் முனை பிடித்துத்தான் எடுப்பார், அடுத்தவருக்குக் கொடுக்கிற மரியாதை என்று. வெங்காயம் சேர்க்காத ஆசாரம். நெற்றியில் திருமண், காதில் பென்சில், கக்கத்தில் ஓர் இங்கிலீஷ் துப்பாக்கிக் கேட்லாக். எந்த வெள்ளைக்காரன் விட்டுப்போனதோ, முன்னட்டை இல்லை, பின்னட்டை இல்லை, நடுவில் எட்டுப் பக்கம் எலி தின்றுவிட்டது. எலி தின்ற பக்கங்களில் என்ன இருந்தது என்பதும் அவருக்குத் தெரியும்.

மகான்களிடம் மூன்று வாசகங்கள் உண்டு. தேசிகன் வாயால் கேட்டால்தான் அதற்கு ருசி. முதலாவது, "என்ன மருந்து போடறே?" நீங்கள் பதில் சொல்லத் தொடங்கியதும் அவர் கண்ணை மூடிக்கொள்வார். இரண்டாவது, "யாரோட விரல்?" ஏனென்றால் மலைக்காரர்கள் மருந்தை விரலால்தான் அளப்பார்கள்; எல்லாவற்றையும் கெட்டித்த பிறகு, கம்பி குழல் வாய்க்கு மேலே எத்தனை விரல் உயரம் நிற்கிறது என்பதே கணக்கு. மூன்றாவது வாசகம், "அதான் தப்பு." நீங்கள் நாலு விரல் என்றாலும் தப்பு, மூன்று என்றாலும் தப்பு. மூன்றரை என்று நடுவில் போய் நின்று தப்பிக்கப் பார்த்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

இன்னொன்று. தேசிகன் கணக்கில் மான் சாகாது. சாவு, கொலை என்ற சொற்களை அவர் நாக்கால் தொடுவதில்லை. "அறுபது கெஜத்திலே இந்தக் குண்டு பட்டா, புள்ளிமான் க்ஷணத்திலே ஆசார்யன் திருவடியை அடைஞ்சுடும்" என்பார். கடமான் பெரிய உருப்படி, ஆகையால் அதற்குப் பரமபதம். முயலுக்கு அவ்வளவு தூரம் கிடையாது. முயல் வெறுமனே போய்விடும்.

ஒரு நாள் பாலிசி ஒன்றில் கையெழுத்து வாங்க ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். எண்பது கெஜம் போவதற்குள் குண்டு எவ்வளவு கீழே இறங்கும் என்று விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி வைதேஹி மாமி குரல் கொடுத்தாள்.

"ஏன்னா, மாடியிலே வடாம் காயறது. குரங்கு வந்திருக்கு. கொஞ்சம் விரட்டுங்கோளேன்."

தேசிகன் எழுந்தார். எழுந்து, மாடிப்படிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். "சிறிய திருவடி, ஆஞ்சநேயர் அம்சமாச்சே. அதைப் போய் விரட்டறதாவது, அபசாரம்" என்றார். மாமி வெளியே வந்தாள். தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு படியேறினாள். மேலே சத்தம் கேட்டது. ஒரு கொட்டாங்கச்சியை விட்டெறிந்திருக்கிறாள். கடுவன் குரங்கு முதுகில் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குத் தாவி ஓடியதை ஜன்னல் வழியாக நாங்கள் இருவருமே பார்த்தோம். தேசிகன் கண்ணை மூடிக்கொண்டார்.

"பதினஞ்சு அடி தூரம். இன்னும் கொஞ்சம் மேலே பிடிச்சிருக்கணும்" என்றார்.

இவ்வளவும் தமாஷ். யாருக்கு என்ன நஷ்டம் என்று நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், போன மார்கழியில் பச்சைமலையிலிருந்து வெள்ளைச்சாமி வந்து சேரும் வரைக்கும்.

வெள்ளைச்சாமி பச்சைமலையில் சாமையும் தினையும் போடுகிற விவசாயி. நாற்பது வயசு இருக்கும். பயிரை மேயவரும் பன்றியை விரட்டுவதற்காக அப்பா காலத்திலிருந்து ஒரு நாட்டுத் துப்பாக்கி. டிசம்பரோடு லைசென்ஸ் முடிகிறது என்பதால் வருஷா வருஷம் மலையிறங்கி, துறையூர் வரை நடந்தும் வண்டியிலும் வந்து, அங்கே பஸ் பிடித்துத் திருச்சிக்கு வருவார். காகிதத்தை ஆபீஸில் தேசிகனிடம் கொடுத்துவிட்டு, நஜிமுதீன் பாய் கடையில் மருந்தும் கேப்பும் வாங்கிக்கொண்டு போவார். இந்தத் தடவை மனைவி வேலம்மாளும் கூட வந்திருந்தாள். வைகுண்ட ஏகாதசிக்குப் பெருமாளைச் சேவிக்க ஆசைப்பட்டு வந்ததாகச் சொன்னாள். கணவர் முகத்தைப் பார்த்தால் வேறு காரணமும் இருப்பது தெரிந்தது.

"என்ன வெள்ளைச்சாமி, ஒரு மாதிரியா இருக்கீங்க?" என்று பாய் கேட்டார்.

அவர் சொன்னார். அவர்கள் ஊரில் பொங்கல் கழிந்து கரிநாளன்று பாரி வேட்டை. ஊர் ஆண்பிள்ளைகள் எல்லாம் நாய்களோடு போய்ப் புதரைக் கலைப்பார்கள். வெளிப்படுகிற முதல் மானுக்கு முதல் வெடி வைக்கும் உரிமை ஐந்து தலைமுறையாக வெள்ளைச்சாமி வீட்டுக்கு. மான் விழுந்தால் அதை அவர் வீட்டு வாசலில்தான் இறக்குவார்கள்; கோயிலில் முதல் மாலை அவர் கழுத்துக்கு. தொடர்ந்து மூன்று வருஷம் தவறிவிட்டால் உரிமை பங்காளி மருதை வீட்டுக்குப் போய்விடும். போன வருஷம் மழை, மானே வரவில்லை. அதற்கு முந்தின வருஷம் மான் வந்தது, கேப்பு நமுத்துப் போயிருந்தது. இது மூன்றாவது வருஷம்.

"அதாங்க, மருந்து புதுசா, நல்லதா வேணும். கேப்பு புதுசா வேணும். லைசென்சு காயிதமும் கரிநாளைக்குள்ள வந்துடணும். காயிதம் இல்லாம துப்பாக்கியைத் தூக்கினா மருதையே முதல் ஆளா போயி போலீசுக்கு எழுதிப் போட்டுடுவான்" என்றார் வெள்ளைச்சாமி.

தேசிகன் அப்போதுதான் ஆபீஸ் விட்டு வந்து, கேட்லாக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் காது, தன் பெயரைக் கேட்ட நாய்க்குட்டியின் காதுபோல நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

"என்ன மருந்து போடறே?"

"நாலு விரலுங்க சாமி."

தேசிகன் கண்ணை மூடினார். "யாரோட விரல்?"

வெள்ளைச்சாமி தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "என் விரல்தாங்க. நான்தானே கெட்டிக்கிறேன்."

"அதான் தப்பு. ஈயம்?"

"ஈயத் துண்டுங்க. எட்டுத் துண்டு போடுவேன். புதர்லேர்ந்து மான் பாயறப்போ பதினஞ்சு இருபது அடியிலதாங்க சுடணும், அதுக்கு எட்டுத் துண்டு பரவிப் போனாத்தான்..."

"அதான் தப்பு."

நாலு விரலை விரலாகவே விட்டிருந்தால் பிழைத்திருப்போம். இது தோலா எடை போய்க் கிராம் வந்துகொண்டிருக்கிற காலம். கேட்லாக்கில் இருந்ததோ வெள்ளைக்காரன் எடை. தேசிகன் பாயின் பத்திரிகையை வாங்கி அதன் ஓரத்தில் வெள்ளைக்கார எடையைத் தோலாவாக்கினார், தோலாவைக் கிராமாக்கினார், கிராமை மறுபடி வெள்ளைக்கார எடையாக்கிச் சரிபார்த்தார். சரியாக வரவில்லை. "காகிதம் மட்டம்" என்றார். கடைசியில் தீர்ப்பு வந்தது. எட்டுத் துண்டு கூடாது. ஒரே குண்டு. உருண்டையாக வார்த்த ஒற்றை ஈயக் குண்டு. அதைத் துணியில் சுற்றி, குழலுக்குள் இறுக்கமாக இறக்கவேண்டும். அறுபது கெஜத்தில் மானின் தோள்பட்டைக்குப் பின்னால் நாலணா அகலத்தில் போய் உட்காரும்.

"அறுபது கெஜத்துல எங்க ஊர்ல மான் தெரியாதுங்களே சாமி. முள்ளுதான் தெரியும்" என்றார் வெள்ளைச்சாமி.

"மான் வரும்ப்பா. குண்டு சரியா இருந்தா மான் தானா வரும்."

இந்த இடத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். மறைத்துப் பயனில்லை, சொல்லிவிடுகிறேன். துப்பாக்கிக்கும் எனக்கும் சம்பந்தம், பாய் கடை ஸ்டூல் ஒன்றுதான். ஆனாலும் இரண்டு பேர் அபிப்பிராயம் சொல்கிற இடத்தில் மூன்றாவது ஆள் வாயை மூடிக்கொண்டு உட்கார முடிகிறதா? "நூல் துணியானா புகைஞ்சுக்கிட்டே போய்ப் புதர்ல நெருப்புப் பிடிக்கும். பட்டுத் துணியா இருந்தா நல்லதாமே" என்றேன். எங்கே படித்தேன், யார் சொன்னார்கள், தெரியாது. தேசிகன் என்னை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் ஜிலுஜிலுவென்று இருந்தது. அந்தச் சுகம் லேசான சுகமில்லை.

"பட்டு. பேஷ். எங்காத்திலே மாமியோட பழைய புடவை இருக்கு. அரையடி கிழிச்சா தெரியாது. துணிக்கு வழவழப்புக்கு ஏதாவது தடவணும். கேட்லாக்கிலே என்ன போட்டிருக்கான்னா..." என்று பக்கத்தைப் புரட்டியவர் சட்டென்று நிறுத்திவிட்டார். "ஆட்டுக் கொழுப்பு."

"நம்ம வீட்டிலயே இருக்கு சார். உருக்கித் தரச் சொல்லவா?" என்றார் பாய்.

"நாராயணா." தேசிகன் ஸ்டூலோடு ஓர் அடி பின்னுக்கு நகர்ந்தார். மானைத் திருவடிக்கு அனுப்புவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. ஆட்டுக் கொழுப்பைக் கையால் தொடச் சொல்வது வேறு விஷயம். கொஞ்ச நேரம் யோசித்தார். யோசனை பலித்தது என்பது முகத்தில் தெரிந்தது. "கொழுப்போட காரியம் என்ன? வழுக்கறது. நெய் வழுக்காதோ? சுத்தமான பசு நெய். கூடாரைவல்லிக்கு அக்காரவடிசல் பண்ண மாமி காய்ச்சி வெச்சிருக்கா. ஒரு சின்ன சீசாவிலே கொண்டுவந்து தரேன்."

அதுவரை மருந்துப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்த வேலம்மாள் வாயைத் திறந்தாள்.

"நெய்யி உருகுமே சாமி. காலையில கெட்டிச்சுத் தோள்ல போட்டாருன்னா உச்சி வெயில் வரைக்கும் அலையணும்."

"தை மாசத்திலே உங்க மலையிலே வெயில் ஏதம்மா?" என்றார் தேசிகன், அவள் பக்கம் திரும்பாமலே. பிறகு வெள்ளைச்சாமியிடம், "உன் லைசென்ஸ் என் மேஜையிலே மேலாகத்தான் இருக்கு. நாளைக்குக் கையெழுத்துக்கு வெச்சுடறேன். நான் சொன்னபடியே கெட்டிச்சுட்டு வந்து ரிசல்ட் சொல்லணும், என்ன?" என்றார்.

அவர் மிரட்டவில்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். அவர் மனதில் சூதுவாது கிடையாது. இரண்டு வாக்கியங்களும், பஸ்ஸில் முன்பின் அறியாத இரண்டு பேர் ஒரே ஸீட்டில் உட்காருவதுபோல, தற்செயலாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டன. கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் பாய்க்கும் அது உறைக்கவில்லை. உறைத்தது ஒருவருக்குத்தான்.

"ஆகட்டுங்க சாமி" என்றார் வெள்ளைச்சாமி.

மறுநாள் நெய் சீசாவும் பட்டுத் துணியும் கைமாறின. லைசென்ஸும் கைமாறியது. தேசிகனுக்குத் தரையில் கால் பாவவில்லை. ஸ்ரீரங்கம் பஸ்ஸில் காவேரிப் பாலம் தாண்டுவதற்குள் கண்டக்டர் உட்பட எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஆபீஸில் அதற்கு "நம்ம மான்" என்று பெயர். கூடாரைவல்லியன்று அக்காரவடிசலில் நெய் குறைந்ததற்காக மாமி இரண்டு நாள் பேசவில்லையாம். அதையும் சாஸ்திர ஆராய்ச்சிக்கு நேர்ந்த தியாகமாகத்தான் சொன்னார்.

மாசி மாதம் பிறந்து பத்து நாள் கழித்து வெள்ளைச்சாமியும் வேலம்மாளும் மறுபடி வந்தார்கள். லைசென்ஸில் கையெழுத்து இருந்தது, பக்கத்தில் விழவேண்டிய முத்திரை ஒன்று விழவில்லையாம். சரிசெய்து வாங்கிப் போக வந்திருந்தார்கள். நேரே ஆபீஸுக்குப் போகாமல் கடைக்கு வந்ததற்குக் காரணம், ரிசல்ட் சொல்லச் சொன்ன சாமி அங்கேதான் இருப்பார் என்பது.

தேசிகன் எழுந்தே நின்றுவிட்டார். "என்ன ஆச்சு? திருவடி அடைஞ்சுதா?"

வெள்ளைச்சாமி துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "எல்லாம் சாமி சொன்னபடிதான் செஞ்சேனுங்க. என் கைதான் நடுங்கிடுச்சு. தப்பு என்னுதுதான்."

"பார்த்தீரா ஓய்?" என்று தேசிகன் என் பக்கம் திரும்பினார். "கெட்டிப்பு சரி. கைதான் தப்பு."

"கை நடுங்கலை" என்றாள் வேலம்மாள்.

வெள்ளைச்சாமி அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. நேரே தேசிகனைப் பார்த்துப் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"விடியறதுக்குள்ள கெட்டிச்சாருங்க சாமி. ஒத்தைக் குண்டு, பட்டுத் துணி, நெய்யி, எல்லாம் நீங்க சொன்னபடி. கெட்டிச்சு முடிச்சு வெளிய வந்தா ஊரு நாயெல்லாம் இவரைச் சுத்திக்கிச்சு. போ போன்னா போகலை. குழலைத் தோள்ல சாத்தினா எட்டி எட்டிக் குதிக்குது, கீழ இறக்கினா குழல் வாய நக்குது. புதரைக் கலைக்க ஒரு நாய் போகலை. மருதை வூட்டுக் கிழட்டு நாயி ஒண்ணுதான் போச்சு, அதுக்கு மூக்கு செத்துப்போயி ரெண்டு வருசம் ஆகுது."

பாய் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரிப்பை அடக்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

"உச்சிவேளைக்கு மான் வந்துச்சு. பதினஞ்சடி. நல்ல கொம்பு. நின்னுச்சு சாமி, நாய் எதுவும் துரத்தலைன்னு அதுக்கே சந்தேகம் போல, நின்னு பாத்துச்சு. இவரு விசையை இழுத்தாரு. கேப்பு மட்டும் டப்புன்னுச்சு. அவ்வளவுதான். மறுபடி கேப்பு மாத்தினாரு, மறுபடி டப்பு. மான் திரும்பி நடந்து போயிருச்சு. ஓடக்கூட இல்லை. வூட்டுக்கு வந்து கிளறிக் கொட்டிப் பாத்தா மருந்தெல்லாம் நெய்யில பிசைஞ்ச கேவுரு மாவாட்டம் உருண்டை உருண்டையா வருது."

இன்னும் கொஞ்சம் சிரித்தோம்.

"எங்க மாமனாரு சாகறப்போ நெலத்தைப் பத்திப் பேசலை, மாட்டைப் பத்திப் பேசலை. மொத வெடியை விட்டுடாதடான்னு இவரு கையைப் புடிச்சுக்கிட்டுச் சொன்னாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன். அடுத்த தையிலேர்ந்து மருதை வூட்டு வாசல்லதான் மான் இறங்கும். கோயில் மாலைக்கு இவரு பின்னால நிக்கணும். கரிநாள்லேர்ந்து இவரு ஊருக்குள்ள டீ குடிக்கப் போறதில்லைங்க."

சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பாய் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

இப்போது நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள்? தேசிகன் தலை குனிவார், ஒரு வார்த்தை வருத்தம் சொல்வார் என்றுதானே? நீங்கள் இந்த இனத்தை இன்னும் புரிந்துகொள்ளவில்லை. தேசிகன் கண்ணை மூடினார்.

"பசு நெய்தானே தடவினே?"

"நீங்க குடுத்த நெய்தாங்க சாமி" என்றார் வெள்ளைச்சாமி.

"அப்போ பதம். வைதேஹி பதத்தைத் தப்ப விட்டிருக்கா. முருங்கை இலை போட்டு இறக்கியிருந்தா இப்படி உருகியிருக்காது."

வேலம்மாள் ஓர் அடி முன்னால் வந்து சொன்னாள். 

"எங்க வூட்டுக்காரருக்குக் கெட்டிக்கத் தெரியாதுங்களா சாமி? பன்னெண்டு வயசுலேர்ந்து கெட்டிக்கிறாரு. நெய்யி உருகும்னு அவருக்குத் தெரியும், ஒத்தைக் குண்டு முள்ளுக்குள்ள ஆகாதுன்னும் தெரியும். அன்னிக்குப் பஸ்ஸுல போறப்பவே சொன்னாரு. அப்புறம் ஏன் கேட்டாருங்கிறீங்க? காயிதம் உங்க மேசையில இருந்துச்சு. அடுத்த வருசமும் அங்கதான் வரணும். சொன்னபடி செய்யலைன்னு உங்களுக்கு யாராச்சும் வந்து சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயந்தாரு. அதான் சாமி."

 பாய் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார்.

"ஏ, சும்மா இரு." வெள்ளைச்சாமிதான் முதலில் பேசினார். துண்டைக் கக்கத்திலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "பொம்பளை, தெரியாம பேசுது சாமி. மனசுல வெச்சுக்காதீங்க. நாளைக்கு ஆபீசுக்கு வரட்டுங்களா?"

முத்திரை இன்னும் பாக்கி இருந்தது, பாருங்கள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பூசி மெழுகாமல் சொல்கிறேன், மிகவும் வெட்கமாக இருந்தது. பட்டுத் துணி என் யோசனை. அன்றைக்கு அவர் "ஆகட்டுங்க சாமி" என்று சொன்னபோது, எவ்வளவு பவ்யமாகக் கேட்டுக்கொள்கிறார், நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டவன் நான்.

 தேசிகன் கேட்லாக்கை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். மறுநாள் காலை ஆபீஸ் திறந்ததும் முதல் காரியமாக முத்திரை விழுந்துவிட்டது, அவர்கள் கால் மணி நேரம்கூடக் காத்திருக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது. அவருக்குச் சுட்டிருக்கிறது, மனிதர் திருந்திவிட்டார் என்று பாயிடம் சொன்னேன். பாய் ஒரு சிரிப்புச் சிரித்தார். முப்பது வருஷமாகக் கடை நடத்துகிறவர்.

நாலாம் நாள் மருங்காபுரிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேப்பு வாங்க வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் ஸ்டூலிலிருந்து குரல் வந்தது.

"என்ன மருந்து போடறே? துணிக்கு நெய் மட்டும் தடவிடாதே. உதவாது. பச்சைமலையிலே நாமே பரீட்சை பண்ணிப் பார்த்தாச்சு. விளக்கெண்ணெய்தான் சரி."

முன்பு அவரிடம் கேட்லாக் மட்டும் இருந்தது. இப்போது அனுபவமும் சேர்ந்துவிட்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன், மனசாட்சியைத் தொட்டுப் பதில் சொல்லுங்கள். நெய் என்று படித்தவுடன், 'தேன்மெழுகு தடவியிருக்கலாமே' என்று உங்களுக்குத் தோன்றியதா இல்லையா? தேன்மெழுகு இல்லாவிட்டால் சோப்பு? அதுவும் இல்லாவிட்டால், எட்டுத் துண்டுக்கும் ஒற்றைக் குண்டுக்கும் நடுவே மூன்று பெரிய ஈய ரவையாகப் போட்டால் என்ன என்று ஒரு கணம் கணக்குப் போட்டீர்களா? துப்பாக்கியைத் தொட்டிருக்கிறீர்களா? பச்சைமலைக்குப் போயிருக்கிறீர்களா? மான் எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்றாவது தெரியுமா?

பரவாயில்லை, நானும் அப்படித்தான். என்னால் ஆபத்து குறைவு. என் பேச்சை வீட்டில் யாரும் கேட்பதில்லை, பாலிசி எடுத்தவர்கள்கூட நான் வருவதைப் பார்த்தால் எதிர்ச் சாரிக்கு மாறிவிடுகிறார்கள். உங்கள் விஷயம் எப்படி? நீங்கள் பேசும்போது யாராவது குறுக்கே பேசாமல், மறுத்துச் சொல்லாமல், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டே இருக்கிறாரா? உங்கள் புத்திசாலித்தனத்தை நினைத்துப் பூரித்துப்போவதற்கு முன்னால், அவருக்கு உங்களிடம் என்ன காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று கேட்டு, முதலில் அதை முடித்துக் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் அவர் உட்கார்ந்து கேட்டால் பேசுங்கள்.